நிலாவைத் திரையில் காட்டாமல் ஒரு புறநானூற்றுப் பாடலை மேடையேற்றிய அனுபவம்

கோலாலம்பூரில் நாடகத்துறையில் இறுதியாண்டு படித்தபோது, 15 முதல் 20 நிமிடம் வரை நீளும் ஒரு மேடைப் படைப்பு, அது உருவான விதத்தைப் பதிவு செய்யும் தயாரிப்பு ஏடு, பின்னர் ஒரு வாய்மொழித் தேர்வு ஆகிய மூன்றையும் நான் செய்து முடிக்க வேண்டியிருந்தது. தமிழ்க் கவிதையைப் பல்லூடக நாடகமாக ஆக்குவது என்று முடிவு செய்து, ஏழு கவிதைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காணொளி, ஒரு பின்னணி இசை, ஒரு நடிகர் என்று பட்டியல் போட்டுக்கொண்டு விரிவுரையாளரிடம் போனேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இது கவியரங்கம், இதில் நாடகம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அன்று மாலையே ஆறு கவிதைகளை நீக்கினேன். இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் செய்தி இதுதான்: ஒரு கவிதை போதும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும்.

எஞ்சியது புறநானூற்றின் 112ஆம் பாடல். மூவேந்தர் பறம்பு மலையை முற்றுகையிட, தந்தை பாரியையும் மலையையும் இழந்த அவன் மகளிர் பாடிய கையறுநிலைப் பாடல், அதாவது இழப்புக்கு இரங்கும் பாடல் அது. மொத்தம் ஐந்தே அடிகள். ‘அற்றைத் திங்கள்’ என்று தொடங்கி, தந்தையும் குன்றும் இருந்த நிலவைச் சொல்லி, ‘இற்றைத் திங்கள்’ என்று திரும்பி, இரண்டும் இல்லாத நிலவில் முடிகிறது. ஐந்தடியை வைத்துக்கொண்டு 15 நிமிடத்தை எப்படி நிரப்புவது என்று தோழிகள் கேட்டார்கள். நிரப்ப வேண்டும் என்று நினைத்ததால்தான் முதல் ஒத்திகையில் சறுக்கினேன்.

பாடலில் நிலா வருகிறது. எனவே திரை முழுதும் ஒரு நிலா, அதன் மீது நகரும் மேகம், கீழே மலையின் நிழலுரு என்று ஒரு காணொளியைப் பத்து நாள் செலவழித்து உருவாக்கினேன். ஒத்திகையைப் பார்க்க வந்த இளையர் ஒருவர் முடிந்ததும் சொன்னார்: “அக்கா, நிலா ரொம்ப அழகா இருந்துச்சு. அவங்க என்ன சொன்னாங்கன்னுதான் கவனிக்கல.” எனக்குக் கோபம் வந்தது, இரண்டு நாள் கழித்து, அவர் சொன்னது சரி என்று புரிந்தது. நடிகை ‘வெண்ணிலவு’ என்று சொல்லும்போதே திரையில் நிலா தெரிந்தால், சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. காதைவிடக் கண் முந்திக்கொள்ளும். கவிதை படத்துக்கு எழுதிய விளக்கம்போல் ஆகிவிடும்.

பிறகு பாடலை மறுபடியும் படித்தபோது ஒன்று புலப்பட்டது. அவ்வெண்ணிலவு, இவ்வெண்ணிலவு என்ற இரண்டுக்கும் இடையே மாறுவது ஒரு சுட்டெழுத்து மட்டுமே. நிலா அதே நிலாதான். மாறியிருப்பது அதன் கீழே நிற்பவர்களின் வாழ்வு. அப்படியானால் மேடையிலும் நிலா மாறக்கூடாது. காணொளியைத் தூக்கிவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து விழும் ஒரே வெள்ளை விளக்கை 35 விழுக்காட்டு அளவில் வைத்து, தொடக்கம் முதல் முடிவு வரை அதைத் தொடவே இல்லை. ‘அ’வையும் ‘இ’யையும் வேறுபடுத்துவதை நடிகையின் குரலிடம் விட்டேன். அதற்கு மட்டுமே மூன்று வாரப் பயிற்சி தேவைப்பட்டது.

அப்படியானால் திரை எதற்கு? பாடல் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அற்றைத் திங்களுக்கும் இற்றைத் திங்களுக்கும் நடுவே என்ன நடந்தது என்று அந்தப் பெண்கள் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ‘திங்கள்’ என்பது நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். அந்த மாதம் முழுதும் இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் இடைப்பட்ட மௌனத்தில் கிடக்கிறது. என் பாட்டி வாழ்ந்த ரப்பர்த் தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோது எடுத்த பழைய படங்கள் 11 எங்கள் வீட்டில் இருந்தன: லயம் எனப்படும் தொழிலாளர் வீட்டு வரிசையின் வாசல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை, பால்மர வரிசை, தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய லாரி. அவற்றை முதலில் ‘எம் குன்று’ என்ற சொல்லின் மேல் வைத்திருந்தேன். அப்போது குன்று தோட்டமாகச் சுருங்கியது. அதே படங்களை இரண்டு அடிகளுக்கும் நடுவே 40 விநாடி முழு மௌனத்துக்குள் வைத்தபோது, பாரி மகளிரும் என் பாட்டியும் ஒரே நிலாவின் கீழ் வந்து நின்றார்கள். பல்லூடகத்தைக் கவிதையின் சொற்கள் மீது போடாமல், சொற்களின் இடைவெளியில் போட வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது இப்படித்தான். படங்களில் இருந்த உறவினர்களிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கினேன். அதற்கும் ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஒலியிலும் இதே சிக்கல் எழுந்தது. நான்காம் அடியில் வேந்தர்களின் வெற்றி முரசு வருகிறது. நேரில் பொருதி வெல்லாதவர்களுக்கு வெற்றி முரசு என்ற அடைமொழியைத் தருவது இகழ்ச்சிக் குறிப்பு என்கிறது பழைய உரை. அந்த உரையைப் படிப்பதற்கு முன்பு, அரங்கம் அதிரும் முரசொலியைப் பதிவு செய்து வைத்திருந்தேன். அது அந்த வேந்தர்களுக்கு மெய்யாகவே விழா எடுத்துவிட்டது. பிறகு, தீயில் காய்ச்சாத தப்புப் பறை ஒன்றில் ஒரே ஓர் அடி, தளர்ந்த தோலின் மொத்தென்ற ஓசை, அவ்வளவுதான் வைத்தோம். உரை நூல்களை ஒலியமைப்பாளரும் படிக்க வேண்டும்.

இனித் தொழில்நுட்பம். எங்களுக்குக் கிடைத்தது சுவரெல்லாம் கருப்பு வண்ணம் பூசிய சிறிய பயிற்சி அரங்கு. ஒளிவீழ்த்தியை எங்கே வைப்பது என்பது எளிய கணக்கு: அதன் வீச்சு விகிதத்தைப் படத்தின் அகலத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். விகிதம் 1.5 கொண்ட கருவியால் 4 மீட்டர் அகலப் படம் வேண்டுமென்றால் 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். முன்னாலிருந்து வீசினால் நடிகையின் நிழல் திரையில் விழுந்தது. பின்னாலிருந்து வீச 6 மீட்டர் இடமில்லை. விகிதம் 0.5 உள்ள குறுவீச்சுக் கருவி ஒன்றை இரவல் வாங்கியபின் 2 மீட்டரே போதுமானதாயிற்று. மேடை விளக்கு திரையில் பட்டால் படம் வெளிறிவிடும். ஆகவே விளக்குகளைப் பக்கவாட்டில் வைத்து, நடிகையைத் திரையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் முன்னே நிறுத்துங்கள். பின்னாலிருந்து வீசும்போது படத்தை இடவலமாகத் திருப்ப மறக்காதீர்கள். நாங்கள் மறந்து, பாடலின் தலைப்பைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

தமிழ் எழுத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. காணொளித் தொகுப்பு மென்பொருள்கள் சிலவற்றில், எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாவிட்டால் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் அறியாத நண்பருக்கு அது தவறென்றே தெரியாது. வரிகளை வேறிடத்தில் சரியாகத் தட்டச்சு செய்து, படக் கோப்பாக மாற்றிச் செருகுவதே பாதுகாப்பான வழி. தேர்வாளர்களில் இருவருக்குத் தமிழ் தெரியாது. மலாய் மொழிபெயர்ப்பைத் திரையின் அடியில் ஓட்டினால் எல்லாக் கண்களும் அங்கேதான் போகும். ஆகவே அதை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்து, அரங்க விளக்கு அணையும் முன் ஒரு நிமிடம் படிக்க விட்டோம்.

விளக்கும் ஒலியும் படமும் மாறுவதற்கான காட்சிக் கட்டளைகளை இயக்கியவர் தமிழ் அறியாத சீன நண்பர். தாளில் எழுதிக் கொடுத்த குறிப்புகள் அவருக்கு உதவவில்லை. ‘இற்றை’ என்ற ஒலியைக் காதால் பிடிக்கப் பழக்கியபின் ஒருமுறையும் பிசகவில்லை. தொடக்கத்தில் 62 ஆக இருந்த கட்டளைகள் இறுதியில் 19 ஆயின. பாடலை மூன்று முறை சொன்னோம்: முதலில் திரையில் படமே இல்லாமல், பிறகு படங்களோடு, கடைசியில் ஒரு மூதாட்டியின் பதிவு செய்த குரலில். நேரம் தானாகவே 16 நிமிடத்துக்கு வந்தது.

வகுப்புக்கு வெளியே, பொதுமக்களுக்கு இதே படைப்பை நடத்த விரும்பினால், கோலாலம்பூரில் 1992ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டத்தின்படி உரிமம் தேவை; அதற்கான நாள்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாய்மொழித் தேர்வில் பல்லூடக மேடையின் வரலாற்றைக் கேட்டார்கள். 1958இல் பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் திரைப்படத்தையும் உயிருள்ள நடிகர்களையும் ஒன்றாக மேடையேற்றிய செக் நாட்டு முயற்சியை நான் ஒப்பித்தேன். ஒரு தேர்வாளர் சிரித்துக்கொண்டே, வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கேற்றிப் பாவையாட்டும் கிளந்தான் மாநிலத்து வாயாங் கூலிட் நினைவுக்கு வரவில்லையா என்று கேட்டார். நம் தோல்பாவைக் கூத்தையும் நான் மறந்திருந்தேன். பின்னாலிருந்து ஒளி வீசும் கலையைக் குறுவீச்சுக் கருவியோடு கண்டுபிடித்தவள்போல் அதுவரை பேசிக்கொண்டிருந்தேன்.

அதைவிட மதிப்பெண் இழந்தது தயாரிப்பு ஏட்டில்தான். இறுதி வடிவத்தை அழகாக எழுதியிருந்தேன், கைவிட்டவற்றை எழுதவில்லை. நிலாக் காணொளியை ஏன் நீக்கினீர்கள், அதைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, கணினியில் இடம் போதவில்லை என்று முந்திய வாரமே அதை அழித்துவிட்டிருந்தேன்.