நார்மல் டயட்

அப்பா நேற்றுதான் தெருமுனை வரை நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வந்தார். எனக்கும் இன்றுதான் இதை எழுதத் தெம்பு வந்திருக்கிறது.

அவருக்கு அகலேசியா. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை திறக்காததால் விழுங்கியது இறங்காது. கடைசிப் பன்னிரண்டு நாள் நாலு மடக்கு மோரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. 58 கிலோ இருந்தவர் 46-க்கு வந்துவிட்டார். பலூன் வைத்து விரிக்கும் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் சாப்பாட்டுக்கு எதிரே இரண்டே வார்த்தை: நார்மல் டயட்.

அம்மாவுக்கு அது போதாதா? அன்று சாயங்காலமே குழைய வடித்த சோறு, பருப்பு, நெய். மறுநாள் காலை ஐந்து இட்லி. நடுநடுவே குளுக்கோஸ் தண்ணீர், சாத்துக்குடி ஜூஸ். அவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட, நாங்கள் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் கணுக்கால் வீங்கியது. கையைத் தூக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. ராத்திரி என்னைப் பார்த்து, செத்துப்போன சித்தப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பக்கத்தில் இருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டி டாக்டர், "வீக்னஸ்தான், நல்லா சாப்பிட வைங்க" என்று குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டுப் போனார். சீனியர் டாக்டரம்மா வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் சாப்பிடாம இருந்தார்?" அதுவரை யாரும் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை. பன்னிரண்டு என்றதும் அவரே பாட்டிலை நிறுத்தி, தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடச் சொன்னார்.

அவர் சொல்லித்தான் புரிந்தது. பட்டினி கிடந்தால் ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரை ஒரு நாளில் தீரும். பிறகு உடம்பு கொழுப்பையும் தசையையும் எரித்து ஓட்டும். செல்லுக்குள் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் கரைந்துகொண்டே வரும். ரத்தத்தில் பார்த்தால் மட்டும் அளவு சரியாக இருக்கும். சோறு போனதும் இன்சுலின் ஏறும். காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதையாக, செல்கள் சர்க்கரையோடு அந்த உப்புகளையும் இழுத்துக்கொள்ள, ரத்தத்தில் பஞ்சம். செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற பொருளைத் தயாரிக்கப் பாஸ்பேட் இல்லாமல் இதயமும் மூச்சுத் தசைகளும் தள்ளாடும். பெயர் ரீஃபீடிங் சிண்ட்ரோம். இரண்டாம் உலகப் போர் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் சாப்பிட்ட பிறகு செத்தது இப்படித்தானாம்.

இனி என் அலைச்சல். அந்த ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி பாஸ்பரஸ் (ரத்தத்தில் பாஸ்பேட் அளவு பார்க்கும் டெஸ்ட்) பார்க்க மாட்டார்களாம். ரத்தக் குப்பியோடு ஸ்கூட்டரில் வெளி லேபுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "கையெழுத்து இருக்கு, சீல் எங்க?" என்றார். திரும்பி வந்து சீல் வாங்கிப் போனால், "சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிருச்சு சார்." வண்டிப் பெட்டியில் குலுங்கியதாலோ என்னவோ, ரத்த அணுக்கள் உடைந்திருந்தன. எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் அணு உடைந்தால் உள்ளிருக்கும் பாஸ்பேட் வெளியே கசிந்து அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அவர் திருப்பி அனுப்பியது நல்லதற்கே. மூன்றாவது தடவை குப்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். விடிகாலை நாலு மணிக்கு ரிசல்ட்: 1.1. குறைந்தது 2.5 இருக்க வேண்டும்.

பாஸ்பேட் ஊசிக்கு மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன். டயட்டீஷியன், கிலோவுக்குப் பத்து கலோரி வீதம் முதல் நாளுக்கு 460 என்று எழுதிக் கொடுத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். தினமும் ரத்தம் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் 2.7. அன்று அப்பா, "ரசம் இல்லாம இதென்னடா சோறு" என்று முகம் சுளித்தார். அம்மா அழுதுவிட்டாள்.

உங்கள் வீட்டில் யாராவது ஒரு வாரம், பத்து நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்திருந்தால், அந்த நாள் கணக்கையும் குறைந்த எடையையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் போட்டாயிற்றா என்று கேளுங்கள். சோடியம், பொட்டாசியம் பார்த்தோம் என்றால் விடாதீர்கள். பாஸ்பரஸும் மெக்னீசியமும் தனியாக எழுதினால்தான் பார்ப்பார்கள்.

போன வாரம் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய், அந்தச் சீட்டில் ஒரு வரி மாற்றித் தரச் சொன்னேன். கவுன்ட்டர் பெண் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "நாங்க எழுதுறதில்ல சார். அது எல்லாருக்கும் தானாவே வரும்."