தங்கச்சி கல்யாணத்துக்கு வரும் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பத்திரிகையில் இதை அச்சடிக்க மனசு வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். தப்பாக எடுத்துக்காதீங்க.

முகூர்த்தம் காலை 6 மணிக்கு, அரூர் பக்கத்துத் தீர்த்தமலை மேலே இருக்கிற சிவன் கோயிலில். அப்பாவோட நேர்த்திக்கடன், மாற்ற முடியாது. இருட்டோடு படியேறணும். போன தடவை மொட்டை போடப் போனப்போ, அக்கா பையன் கையிலிருந்த பழத்தைக் குரங்கு பிடுங்கியதில் படியில் உருண்டு விழுந்து நெற்றியில் நாலு தையல். ரத்தத்தோட அவனைத் தூக்கிக்கிட்டு இறங்கினது நான்தான். இன்னும் கண்ணை விட்டுப் போகலை.

மேலே ராம தீர்த்தம்ங்கிற அருவி கொட்டுற பக்கம் பாறையெல்லாம் வழுக்கும். கல்யாணக் கூட்டத்தில் யார் பிள்ளையை யார் பார்ப்பது?

அதனால் பத்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மலைக்குக் கூட்டி வர வேண்டாம். வீட்டில் விட வழியில்லாதவங்க அடிவாரத்துக்கே கூட்டி வாங்க. பெரியம்மாவும் ரெண்டு அத்தைமாரும் பால், இட்லியோட அங்கேயே இருப்பாங்க. கைக்குழந்தைக்காரங்க முந்தின நாளே எனக்கு ஒரு போன் போடுங்க, உங்களுக்குத் தனியா ஏற்பாடு செய்கிறேன்.

"குழந்தை குட்டி இல்லாம என்னடா கல்யாணம்?" என்று ஊத்தங்கரை மாமா கேட்டார். நியாயம்தான் மாமா. சாயங்காலம் அரூர் மண்டபத்தில் வரவேற்புக்கு எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் வரணும். முதல் பந்தியே அவங்களுக்குத்தான். மல்கோவா மாம்பழம் இப்பவே சொல்லி வெச்சாச்சு.