வெயிலூரில் ரீஃப் தொட்டி: சுண்ணாம்பைக் கிராமில் கணக்குப் பண்ணுங்கள்

கத்திரி வெயிலில் வேலூரில் ரீஃப் தொட்டி (கோரல் எனும் பவளம் வளர்க்கும் கடல் நீர்த் தொட்டி) வைத்திருப்பவருக்கு முதல் தலைவலி தண்ணீர் வற்றுவதுதான். சூடு ஏறாமலிருக்க மேலே ஒரு விசிறி ஓடும், 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 2, 3 லிட்டர் காணாமல் போகும். கோரல் எலும்பு கட்டத் தேவையான கால்சியம், ஆல்கலினிட்டி (கரைந்த கார்பனேட்டின் அளவு, சுருக்கமாக ஆல்க்) கணக்கில் பார்த்தால் இது நமக்கு லாபம். வற்றிய இடத்தில் வெறும் தண்ணீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தெளிவை விட்டால் இரண்டும் ஒன்றாகவே ஏறும். கால்க்வாசர் என்று பெரிய பெயரில் சொல்வது இதைத்தான். ஜெர்மன் மொழியில் அதற்குச் சுண்ணாம்புத் தண்ணீர் என்றே அர்த்தம்.

ஆனால் "முழுச் செறிவில் கலந்து, வற்றியதற்கு ஈடாக ஊற்றுங்கள்" என்ற வழக்கமான அறிவுரை வற்றல் குறைவான குளிர் ஊர்களுக்குத்தான் பொருந்தும். முழுச் செறிவுள்ள தெளிவில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்திருக்கும். அதில் 3 லிட்டரை 100 லிட்டர் தொட்டியில் விட்டால் ஆல்க் ஒரே நாளில் 3 டிகேஹெச்சுக்கு (ஆல்க்கை அளக்கும் அலகு) மேல் எகிறும். நாளுக்கு 1 டிகேஹெச்சைத் தாண்டி ஏற்றக் கூடாது என்பது பொது விதி. மறுபக்கம், ஐப்பசி அடைமழையில் விசிறியை நிறுத்திவிடுவோம், வற்றலும் பாதிக்குக் கீழே இறங்கும், அதே கரைசலில் ஆல்க் சரியத் தொடங்கும். இரண்டு பருவத்திலும் கோரல் தின்னும் அளவு ஒன்றாகவே இருக்கலாம். மாறுவது தண்ணீர் மட்டும்தான். அதனால் செறிவை விட்டுவிட்டு, நாளுக்கு எத்தனை கிராம் என்று முடிவு செய்யுங்கள்.

கணக்கு லேசானது. 100 லிட்டரில் 1 டிகேஹெச் ஏற 1.3 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும். முதலில் எதுவும் சேர்க்காமல் மூன்று நாள், தினமும் ஒரே நேரத்தில் ஆல்க் பாருங்கள். 8.5-லிருந்து 7-க்கு இறங்கினால் நாள் செலவு 0.5. ஆக, நாளுக்கு 0.65 கிராம். சித்திரையில் அதை 3 லிட்டரில் கரையுங்கள், கார்த்திகையில் 1 லிட்டரில் கரையுங்கள். கிராம் மாறாது.

கால்சியத்தைத் தினமும் சோதிக்க வேண்டியதில்லை. கோரலும் கண்ணாடியில் படரும் ஊதாப் பாசியும் எலும்பு கட்டும்போது 1 டிகேஹெச் ஆல்க் செலவானால் கால்சியம் ஏறக்குறைய 7 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) செலவாகும். 420-ல் 7 போனால் சோதனைக் கிட் காட்டவே காட்டாது. 8-ல் 1 போனால் பளிச்சென்று தெரியும். அதனால் ஆல்க்கைக் கவனித்தால் போதும், கால்சியத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சோதனை. கடல் நீரில் கால்சியம் சுமார் 410, ஆல்க் 7, மெக்னீசியம் 1,300-ஐ ஒட்டி. தொட்டியில் 400-450, 7.5-9, 1,250-1,350 என்று வைத்தால் நிம்மதி. ஆல்க் 8-ல் நிற்பதா 8.5-ல் நிற்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எதில் நின்றாலும் அங்கேயே நிற்கட்டும்.

சோதிக்கும் முன் தண்ணீரைக் கோடு வரை நிரப்பிவிடுங்கள். 5 சதவீதம் வற்றிய தொட்டியில் உப்பும் கால்சியமும் ஆல்க்கும் எல்லாமே 5 சதவீதம் கூடித்தான் காட்டும். சூடான அலமாரியில் கிடந்த கிட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். 2.5 கிராம் ஆப்ப சோடாவை 1 லிட்டர் சுத்த நீரில் கரையுங்கள். அதில் 100 மில்லி எடுத்து மறுபடி 1 லிட்டராக்குங்கள். சாலிஃபெர்ட் கிட் ஆனாலும் ஹன்னா மீட்டர் ஆனாலும் இதற்கு 8.3 டிகேஹெச் பக்கத்தில் காட்ட வேண்டும். 7-ஐக் காட்டினால் தப்பு கிட்டில்.

வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா வேண்டாம். பாதி தண்ணீராக இருப்பதை எப்படிக் கிராமில் எடை போடுவது? சிலவற்றில் வாசனையும் நிறமும் வேறு. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்கிறதோ. லேப் கெமிக்கல் கடையில் கால்சியம் ஹைட்ராக்சைடு என்று கேட்டு வாங்கி, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துச் சாக்பீஸ் தூளாகிவிடும். ஒரு சிட்டிகையில் வினிகர் விட்டுப் பாருங்கள். புஸ்ஸென்று நன்றாக நுரைத்தால் அது தீர்ந்தது. கலக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் இந்தப் பக்கத்தில் கஞ்சத்தனம் கூடாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்ன பாலாற்றுப் படுகை இது. போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) தெருவுக்குத் தெரு மாறும். ஆர்ஓவுக்குப் பின் மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் வைத்து டிடிஎஸ் 0 ஆக்குங்கள். வீட்டு ஆர்ஓவில் சுவைக்காக இருக்கும் மினரல் கார்ட்ரிட்ஜையும் டிடிஎஸ் கண்ட்ரோலரையும் தவிர்த்து, மெம்பிரேனிலிருந்து நேரே குழாய் எடுங்கள். தினமும் 3 லிட்டர் ஊற்றும் ஊரில் சின்ன அழுக்கும் மாதக் கடைசியில் பெரிதாக நிற்கும்.

ஊற்றும் முறைக்கு என் ஓட்டு மருந்துக் கடை டிரிப் செட்டுக்கு. ஆஸ்பத்திரி ஊரில் அதற்கா பஞ்சம்? 20 சொட்டு 1 மில்லி. 3 லிட்டரை ராத்திரி 10 மணி நேரத்தில் விட நிமிடத்துக்கு 100 சொட்டு. ராத்திரியில்தான் பிஹெச் தாழும், சுண்ணாம்பு அதைத் தாங்கிப் பிடிக்கும். கரண்ட் போனாலும் சொட்டும். தண்ணீர் குறைந்ததும் தானாக நிரப்பும் ஃப்ளோட் ஸ்விட்ச் சிக்கினால் 20 லிட்டர் கேன் மொத்தமும் தொட்டிக்குள் போய்விடும். டிரிப்பில் அந்த நாள் அளவு மட்டுமே கேனில் இருப்பதால் தப்பு நடந்தாலும் ஒரு நாள் தப்போடு நிற்கும். கலக்கியதை இரண்டு மணி நேரம் தெளியவிட்டு, அடி மண்டியை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுங்கள்.

மழைக்காலத்தில் 1 லிட்டர்தான் வற்றுகிறது, தேவையோ 2 கிராம் என்றால் சுண்ணாம்பு மட்டும் போதாது. மீதிக்கு இரண்டு பாட்டில்: ஒன்றில் லிட்டருக்கு 132 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், நீரற்ற வகையானால் 100 கிராம். இன்னொன்றில் 157 கிராம் ஆப்ப சோடாவை அவனில் 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வறுத்தால் மிஞ்சும் சுமார் 99 கிராம், 1 லிட்டரில். வறுக்காமல் போட்டால் முழுதும் கரையாது. பேக்கிங் பவுடரும் சலவை சோடாவும் ஆப்ப சோடா அல்ல. 100 லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 19 மில்லி விட்டால் ஆல்க் 1, கால்சியம் 7 ஏறும். இரண்டையும் ஒரே இடத்தில் ஊற்றினால் அங்கேயே வெண்மேகமாகப் படிந்துவிடும். ஒன்று காலை, ஒன்று மாலை.

எவ்வளவு போட்டாலும் ஆல்க் நிற்கவில்லை, ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளை ஓடு கட்டுகிறது என்றால் மெக்னீசியத்தைப் பாருங்கள். அது 1,200-க்குக் கீழே போனால் கால்சியம் கார்பனேட் எளிதில் படியும். 100 லிட்டரில் 100 பிபிஎம் ஏற்ற மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 84 கிராம், இரண்டு மூன்று நாளில் பிரித்து. நேர் எதிராக, அதே கிராமில் ஆல்க் மெல்ல ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். கோரல் தின்பதை நிறுத்தியிருக்கிறது. மே மாதத்தில் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

இன்னொன்று: கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாச் சரக்கு என்று யாராவது நீட்டினால் கை வைக்க வேண்டாம்.

தப்பித் தவறிச் சுண்ணாம்பு அதிகமாகி, தண்ணீர் பால் போலாகி, பிஹெச் 8.6-ஐத் தாண்டினால், சாதா சோடா பாட்டில் வாங்கி, 100 லிட்டருக்கு 100 முதல் 150 மில்லி, சம்ப்பில் (பெரிய தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) நீரோட்டம் உள்ள இடத்தில் மெல்ல விடுங்கள். பன்னீர் சோடா அல்ல. டிரிப் குழாயையும் பம்பையும் மாதம் ஒருமுறை வினிகரில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் 100 சொட்டு 60 ஆகியிருப்பது ஆல்க் இறங்கிய பிறகுதான் தெரியும்.