கண்ணும் சிலிக்கான் உணரியும்

மனிதக் கண் ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களையே காண்கிறது. கேமராவில் உள்ள சிலிக்கான் உணரியோ 1100 நானோமீட்டர் வரை எட்டுகிறது. டிவி ரிமோட்டின் முனையைச் செல்பேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினால், நமக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிர் ஊதாவாக மின்னுவதைப் பல செல்பேசிகளில் காணலாம். (பின்பக்கக் கேமராவில் அதைத் தடுக்கும் வடிகட்டி பெரும்பாலும் வலுவாக இருக்கும்.) ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள எங்கள் குப்பம் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அனைவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

380 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புறஊதாப் பக்கம் நம்மைத் தடுப்பது விழித்திரை அன்று, கண்ணின் வில்லை. கண்புரைக்காக அது அகற்றப்பட்டவர்களில் சிலர் அண்மைப் புறஊதாவைக் காண்கிறார்கள்.

இதனால் கண்ணைத் தாழ்ந்த கருவி என்று நான் ஒப்பமாட்டேன். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் செல், இருளுக்குப் பழகியபின், ஒற்றை ஃபோட்டானுக்கே (ஒளித்துகளுக்கே) வினைபுரிகிறது. செல்பேசிக் கேமராவின் சாதாரண உணரி அதற்கு ஈடாகாது. ஆனால் கண்ணால் ஒளியை நெடுநேரம் சேர்த்துவைக்கவோ, அதன் சிறு ஏற்ற இறக்கங்களை அளந்து பதியவோ இயலாது. அந்த இடத்தில்தான் கருவி இன்றியமையாததாகிறது. குப்பத்துக்குத் தென்கிழக்கே, எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கியபோது, 1 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்திய ஒளிமானி, கோளின் வளையம் மறைத்ததால் அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதைப் பதிவு செய்தது; யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த நாளின் பதிவுகளில் அதுவும் ஒன்று.