இருநூற்று ஏழும் இருபதும்

ஜெர்மனிக்கு வந்த முதல் ஐந்து மாதம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே பயம். இங்கே ஞாயிறன்று கடைகள் திறக்காது. வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும். மறுநாள் முழுக்க ஓர் அறை, ஒரு ஜன்னல், நான்கரை மணிக்கே இருட்டிவிடும் தெரு. அலுவலகத்தில் எல்லாரும் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவார்கள். வேலை முடிந்தால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வந்த 14 நாளுக்குள் முகவரியைப் பதிவு செய்தேன், வங்கிக் கணக்குத் திறந்தேன், மருத்துவக் காப்பீடு எடுத்தேன். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. பேசத்தான் ஆள் இல்லை.

ஏப்ரலில் என் பழைய மடிக்கணினியின் கீல் உடைந்தது. மூடியைத் திறந்தால் திரை அப்படியே பின்னால் சாய்ந்துவிடும். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இங்கே போ, கருவிகள் இருக்கும், உதவிக்கு ஆளும் இருப்பார்கள்" என்று கூட வேலை பார்க்கும் பெண் ஒரு துண்டுத்தாளில் முகவரி எழுதிக் கொடுத்தாள். தெருவோரக் கட்டடத்தைத் தாண்டினால் ஓர் உள்முற்றம், அதையும் தாண்டினால் இன்னொன்று, அங்கே நிலவறைக்கு இறங்கும் படிகள். ஜன்னலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சை எரிந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரியாமல், கதவுக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்றேன்.

உள்ளே யாரும் நான் எந்த ஊர் என்று கேட்கவில்லை. என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். கீலைக் காட்டினேன். இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் பசை எடுத்து வந்தார். இன்னொருவர் மடிக்கணினியைத் திருப்பிப் பிடித்து, பிளாஸ்டிக் பிளந்த இடத்தில் பசையைத் தடவி, மேலே கிளிப் போட்டு இறுக்கினார். "இது காய நாளாகும். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள். அன்றைக்கு விளையாட்டும் இருக்கும்" என்றார். இந்த நாட்டில் என்னை இன்னொரு நாள் வா என்று முதலில் அழைத்தவர் அவர்தான்.

அந்த நிலவறை ஒரு ஹேக்கர்ஸ்பேஸ். ஹேக்கர் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்குத் திருட்டுதான் நினைவுக்கு வரும். தொலைபேசியில் சொன்னபோது அம்மாவும் பயந்துபோனாள். ஹேக்கர்ஸ்பேஸ் என்பது ஒரு பொதுப் பட்டறை. பத்து வீட்டில் பத்து சாலிடரிங் இரும்பு வாங்கி வைப்பதற்குப் பதில், எல்லாரும் சேர்ந்து ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து, அங்கே கருவிகளை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். எங்கள் இடத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம் இரண்டு, லேசர் வெட்டி ஒன்று, தையல் இயந்திரம் ஒன்று, அப்புறம் யாரும் தூக்கிப்போட மனம் வராத கேபிள்கள் ஒரு சுவர் நிறைய. இந்தப் பழக்கத்துக்கு ஜெர்மனியில் ஆழமான வேர் உண்டு. கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர்கள் சங்கம் 1981 செப்டம்பரில் பெர்லினில் தொடங்கியது. அதே நகரத்தில் ஸீ-பேஸ் என்ற ஹேக்கர்ஸ்பேஸ் 1995இல் வந்தது. பூமிக்கடியில் விழுந்துகிடக்கும் ஒரு விண்வெளி நிலையத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை. 2007 கோடையில் இங்கே நடந்த ஹேக்கர் முகாமுக்கு வந்த அமெரிக்கர்கள் இந்த இடங்களையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்த் தங்கள் ஊர்களில் ஆரம்பித்தார்கள். சான்பிரான்சிஸ்கோவின் நாய்ஸ்பிரிட்ஜும் நியூயார்க்கின் என்.ஒய்.சி. ரெஸிஸ்டரும் அப்படி வந்தவைதான்.

ஏன் எல்லா ஊரிலும் செவ்வாய்க்கிழமையையே பிடித்துக்கொள்கிறார்கள் என்று நான் கேட்டேன். அதற்கும் காரணம் இருக்கிறது. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கிளப்பின் மாநாட்டில் யென்ஸ் ஓலிக், லார்ஸ் வைலர் என்ற இருவர் ஒரு ஹேக்கர்ஸ்பேஸை நடத்துவதற்கான வழிமுறைகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அதில் ஒன்று இது: எந்தக் கிழமை சொன்னாலும் யாராவது ஒருவருக்கு ஒத்துவராது, அதனால் விவாதத்தை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை கூடுங்கள். இன்னொன்று, முதலில் இடத்தையும் வசதிகளையும் அமையுங்கள், வேலைகள் தானாக வரும் என்பது. சோபாவும் சமையலறையும்கூட அந்த வசதிகளில் சேர்த்தி. எனக்கு அந்தச் சோபா முக்கியம். என் ஜெர்மன் மொழியில் பாதி அதில் உட்கார்ந்து வந்தது.

வெள்ளிக்கிழமை போனேன். கீல் கல் மாதிரி உறுதியாக இருந்தது. சாலிடரிங் மேசையில் பொருள்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கட்டான் என்ற பலகை விளையாட்டை விரித்திருந்தார்கள். க்ளவுஸ் டாய்பர் உருவாக்கி 1995இல் வெளியான ஆட்டம். இங்கே அது இல்லாத வீடு அபூர்வம் போலிருக்கிறது. தீவில் ஊர் கட்ட வேண்டும், சாலை போட வேண்டும். அதற்கு மரம், களிமண், கம்பளி, தானியம், தாது என்று ஐந்து பொருள்கள். எல்லாம் ஒருவர் கையில் சேராது. தன் முறை வரும்போது மற்றவர்களிடம் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருப்பவர் இந்த ஆட்டத்தில் ஜெயிப்பது கஷ்டம்.

ஹோல்ட்ஸ், லேம், வொல்லெ, கெட்ரைடெ, எர்ட்ஸ். அட்டைகளின் படத்தைப் பார்த்து இந்த ஐந்தையும் பத்து நிமிடத்தில் மனப்பாடம் செய்தேன். மொழி வகுப்பில் இரண்டு மாதம் உட்கார்ந்து, ரயில் நிலையத்தில் வழி கேட்பது எப்படி என்று படித்திருந்தேன். ஒருநாளும் ரயில் நிலையத்தில் யாரிடமும் வழி கேட்டதில்லை, கைப்பேசி காட்டிவிடும். இங்கே எனக்கு உண்மையிலேயே களிமண் தேவைப்பட்டது. "கம்பளி தருகிறேன், களிமண் தா" என்று தப்புத்தப்பான இலக்கணத்தில் கேட்டேன். எதிரில் இருந்தவர் யோசித்தார், தலையாட்டினார், "இரண்டு கம்பளி" என்றார். நான் முடியாது என்றேன். அவர் சரி, ஒன்று என்றார். ஜெர்மன் மொழியில் நான் முதன்முதலாக ஒருவரைச் சம்மதிக்க வைத்தது அந்த ஒரு களிமண் அட்டைக்காகத்தான். அந்த இரவு சைக்கிளில் வீடு திரும்பும்போது அந்த வாக்கியத்தை வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பேசுவதில் இன்னொரு சிக்கல் இருந்தது. ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு: டூ, ஸீ. அலுவலகங்களிலும் கடைகளிலும் ஸீதான். ஹேக்கர்ஸ்பேஸில் வந்த நிமிடத்திலிருந்து எல்லாருக்கும் டூ. எங்கள் கூட்டத்தில் எழுபதை நெருங்கும் ஒருவர் இருக்கிறார். அவரைப் போய் நீ என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. பல வாரங்கள் முன்னிலைச் சொல்லே வராமல் வாக்கியத்தைச் சுற்றி வளைத்துப் பேசினேன். அவருக்கு அது புரிந்துவிட்டது. ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "நீ என்னை ஸீ என்றால் நான் விருந்தாளி ஆகிவிடுவேன். நான் இங்கே விருந்தாளி இல்லை, நீயும் இல்லை" என்றார். அவர் சொன்ன இரண்டாம் பாதி என்னை உலுக்கிவிட்டது. அன்றிலிருந்து டூ சொல்கிறேன். தமிழில் நினைக்கும்போது மட்டும் அவர் எனக்கு இன்னும் நீங்கள்தான்.

மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கப்பல் ஓட்டுவோம். எம்ப்டி எப்சிலான் என்று ஒரு விளையாட்டு. கட்டற்ற மென்பொருள், லினக்ஸிலும் ஓடும். ஒரே விண்கப்பலை ஐந்தாறு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டும். யாரோ கொடுத்த பழைய மடிக்கணினிகளை ஒரே வலையில் இணைத்து அரைவட்டமாக வைப்போம். சுக்கான் பிடிப்பவருக்குத் திசையும் வேகமும் மட்டும். ஆயுதக்காரர் குழாய்களில் ஏவுகணை ஏற்றுவார். பொறியாளர் எந்த உறுப்புக்கு எவ்வளவு மின்சாரம் என்று பிரிப்பார். அதிகம் கொடுத்தால் அது சூடேறும், குளிர்வி கொடுத்து ஆற்ற வேண்டும். தூரத்தில் வருவது யார் என்று அலசிச் சொல்ல ஓர் அறிவியல் அதிகாரி, மற்ற கப்பல்களோடு பேச ஒரு தொடர்பு அதிகாரி. தலைவருக்கு முன்னால் திரை இல்லை, பொத்தானும் இல்லை. எதிர்ச் சுவரில் புரொஜெக்டர் காட்டும் விண்வெளியைப் பார்த்து, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு, வாயால் கட்டளை கொடுப்பது ஒன்றே அவர் வேலை. ஒருவருக்குத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாது என்பதால் அறை முழுக்கப் பேச்சாகவே இருக்கும்.

எனக்குச் சுக்கான் கொடுத்தார்கள். அதிகம் பேச வேண்டாம், திசை எத்தனை பாகை என்ற எண்ணைக் கேட்டுத் திருப்பினால் போதும் என்று அன்பாகத்தான் கொடுத்தார்கள். எண்தான் காலை வாரிவிட்டது. நாம் இருநூற்று இருபத்தேழு என்போம். ஜெர்மன்காரர்கள் இருநூற்று ஏழும் இருபதும் என்பார்கள்: ட்ஸ்வைஹுண்டர்ட் ஸீபென் உண்ட் ட்ஸ்வான்ட்ஸிக். தலைவர் அதைச் சொன்னார். காதில் விழுந்த வரிசையில் என் விரல் இரண்டு, ஏழு, இரண்டு என்று வைத்துவிட்டது. 272. கப்பல் மேற்கே திரும்பி நேராகக் கண்ணிவெடிகளுக்குள் போனது. திரை வெள்ளையாக மின்னியது. பொறியாளரின் திரையில் பாதி சிவப்பு.

அறை அமைதியானது. எனக்குக் காது சுட்டது. அம்மொழியில் மன்னிப்புக் கேட்கும் சொல்கூட அப்போது வரவில்லை. தலைவராக இருந்தவர், மடிக்கணினிக்குப் பசை தடவிய அதே மனிதர், ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். என்ன எண் கேட்டது என்றார். சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு மற்றவர்களிடம், "தப்பு கட்டளை கொடுத்த விதத்தில் இருக்கிறது. விமானத்தில் யாரும் இப்படிச் சொல்லமாட்டார்கள். இனிமேல் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வோம். கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும்" என்றார். இரண்டுக்கு ட்ஸ்வை என்று சொன்னால் மூன்றாகிய ட்ரையோடு குழம்பும், அதனால் ட்ஸ்வோ என்போம் என்று எழுபது வயதுக்காரர் சேர்த்துச் சொன்னார். இங்கே வானொலிக் கருவியிலும் தொலைபேசியிலும் எண் சொல்லும்போது அப்படிச் சொல்லும் வழக்கம் பழையது. வெள்ளைப் பலகையில் எழுதி வைத்தார்கள். மறுபடி தொடங்கினோம்.

"ட்ஸ்வோ, ட்ஸ்வோ, ஸீபென்."

"ட்ஸ்வோ, ட்ஸ்வோ, ஸீபென்" என்றேன். கப்பல் தென்மேற்கே திரும்பியது.

அந்தப் பலகை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. புதிதாக வருபவர்களும் அந்த முறையில்தான் விளையாடுகிறார்கள். ஒரு கூட்டத்தில் புதிதாய் வந்த ஒருவருக்குத் தடுமாற்றம் வந்தால், அவரைத் திருத்துவது ஒரு வழி, கூட்டம் பேசும் முறையைத் திருத்திக்கொள்வது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவது கிடைத்தது. அதை நான் பெரிய அதிர்ஷ்டமாக நினைக்கிறேன், ஏனென்றால் இதே ஊரில் ஒரு கவுண்டரில் இதே எண் குழப்பத்துக்காக என்னைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறார்கள்.

இரவு பத்து மணி ஆனதும் ஜன்னல்களை மூடிவிட வேண்டும். பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் கூடாது என்பது இங்கே கண்டிப்பான வழக்கம். மேல் மாடியில் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்பதே முக்காலுக்குக் கூச்சல் தானாகத் தணியும், அப்புறம் எல்லாரும் கிசுகிசுத்தே கப்பல் ஓட்டுவார்கள். குளிர்பெட்டியில் க்ளப் மாட்டே என்ற பானம் அடுக்கியிருக்கும், அரை லிட்டர் புட்டி, காப்பியைப் போலத் தூக்கத்தைக் கலைக்கும். எடுத்தவர் கதவில் ஒட்டிய தாளில் தன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். யாரும் கண்காணிப்பதில்லை. மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிக் காசு போடுவோம். அந்தத் தாளில் என் பெயரை யாரோ தமிழ் எழுத்தில், இணையத்தில் தேடிப் பார்த்து, கோணல்மாணலாக எழுதி வைத்திருந்தார்கள். ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. நான்தான் பேனா எடுத்து வைத்தேன்.

ஆறு மாதத்தில் உறுப்பினர் ஆனேன். இது ஒரு ஃபெரைன், பதிவு பெற்ற சங்கம். குறைந்தது ஏழு பேர் இருந்தால்தான் பதிய முடியும் என்று சட்டம். வருடாந்திரக் கூட்டத்தில் வரவு செலவை வாசித்து, ஒவ்வொன்றுக்கும் கை தூக்கி வாக்கெடுப்பார்கள். இந்த நாட்டின் தேர்தலில் எனக்கு வாக்கு கிடையாது. புதிய புரொஜெக்டர் வாங்கலாமா என்பதற்கு நான் கை தூக்கியபோது எண்ணியவர் என் கையையும் விரலால் சுட்டிச் சேர்த்துக்கொண்டார்.

2023 டிசம்பரில் எங்கள் குழுவோடு ஹாம்பர்க் போனேன். கொரோனாவுக்குப் பிறகு கேயாஸ் மாநாடு நேரில் கூடிய முதல் வருடம் அது, 27 முதல் 30 வரை. அங்கே வேலைகளைச் செய்யும் தொண்டர்களுக்குத் தேவதைகள் என்று பெயர். நானும் இரண்டு முறை தேவதை வேலை பார்த்தேன். கூட்டத்தை வழிநடத்தும்போது வாக்கி டாக்கியில் அறை எண் சொல்ல வேண்டி வந்தது. தயங்காமல் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன். மறுமுனையில் திருப்பிச் சொன்னார்கள்.

சுக்கானிலிருந்து பொறியாளர், அங்கிருந்து தொடர்பு அதிகாரி என்று ஒவ்வோர் இருக்கையாக மாறி வந்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை தலைவர் இருக்கை எனக்கு. சுக்கானில் உட்காரப்போவது சிரியாவிலிருந்து வந்திருக்கும் ஒரு பையன். மூன்று வாரமாகத்தான் வருகிறான். உங்கள் ஊரில் எண்ணை எப்படிச் சொல்வீர்கள் என்று அவனிடம் கேட்டேன். அரபியிலும் ஏழும் இருபதும்தானாம், ஜெர்மன் மாதிரியே. அவனுக்கு அது குழப்பமே இல்லை. அவனுக்கு எது குழப்பும் என்று வெள்ளிக்கிழமைதான் பார்க்க வேண்டும். பலகையில் கொஞ்சம் இடம் துடைத்து வைத்திருக்கிறேன்.