கள நோட்டில் இல்லாத எண்

நிலவியல் முதுகலை இரண்டாம் ஆண்டில் என் கள நோட்டை வழிகாட்டிப் பேராசிரியர் புரட்டினார். ஒரு பக்கத்தில் "மணற்கல், ஆற்றுப் படிவு" என்று எழுதியிருந்தேன்.

"ஆறுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"கிராஸ் பெட்டிங் இருந்தது சார்." ஓர் அடுக்குக்குள் சாய்வாகப் படிந்திருக்கும் மெல்லிய மணல் படிவுகளைத்தான் அப்படிச் சொல்வோம்.

"எந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்தது? எத்தனை டிகிரி?"

எண் இல்லை. படம் மட்டும் இருந்தது. அதிலும் அளவுக்காகச் சுத்தியலோ பேனாவோ வைத்து எடுக்கவில்லை. அரை மீட்டர் அடுக்கா, ஐந்து மீட்டர் அடுக்கா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. காற்று குவித்த மணல்மேட்டிலும் கிராஸ் பெட்டிங் வரும் என்பது அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. விட்டுப்போன அளவீடுகளுக்காக மறுபடி இரண்டு நாள் போய் வந்தேன்.

அன்றிலிருந்து நோட்டின் இடப்பக்கத்தில் பார்த்தது, வலப்பக்கத்தில் நினைத்தது. நிறம், மணிகளின் அளவு, அடுக்கின் தடிமன், ஸ்ட்ரைக் (அடுக்கு நீளும் திசை), டிப் (அது சாயும் கோணம்) எல்லாம் இடப்பக்கம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் பொங்கி நுரைத்தால் "நுரைத்தது" என்பது இடப்பக்கம், "சுண்ணாம்புக்கல்" என்பது வலப்பக்கம். சுரண்டிப் பொடியாக்கிய பிறகே மெல்ல நுரைத்தால் சுண்ணாம்புக்கல்லை ஒத்த டோலமைட் பாறையாக இருக்கலாம். அந்த "இருக்கலாம்" வலப்பக்கத்துக்கு உரியது. ஆறு மாதம் கழித்து நினைத்தது மாறினாலும் இடப்பக்கத்தில் கை வைக்க வேண்டியிருக்காது. ஆய்வேடு எழுதும்போது முடிவுகள், விவாதம் என்ற இரண்டு இயல்களும் ஏறக்குறைய இப்படியே பிரிந்து வந்து நின்றன.

பாறையை நோட்டில் வரையத் தெரியாது என்று நழுவாதீர்கள். கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். வரையும்போதுதான் எந்தக் கோடு முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். பென்சிலே போதும், மழையில் மை கரைந்துவிடும். அப்புறம், திசைகாட்டியில் காந்த விலக்கத்தை (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோண வேறுபாட்டை) சரிசெய்தீர்களா இல்லையா என்பதை முதல் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

ஆய்வுக் கட்டுரை படிக்க நான் வைத்திருக்கும் வழி இது: முதலில் படங்களை மட்டும் பார்ப்பேன். இவற்றிலிருந்து நானாக இருந்தால் என்ன முடிவுக்கு வருவேன் என்று நாலு வரி எழுதிவிட்டு, பிறகு அவர்கள் சொன்னதைப் படிப்பேன். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் எனக்குக் கேள்விகள் கிடைத்திருக்கின்றன.

எழுத்து விஷயத்தில் ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் கதை எனக்கு ஒரு எச்சரிக்கை. 1788இல் ஸ்காட்லாந்தின் சிக்கார் முனைக்குப் படகில் போனார். செங்குத்தாக நிமிர்ந்த பழைய அடுக்குகள், அவற்றின் மேல் லேசாகச் சாய்ந்த செம்மணற்கல். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நெடிய காலம் ஓடியிருக்க வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். ஆனால் 1795இல் வெளிவந்த அவருடைய நூல், பக்கம் பக்கமாகப் பிரெஞ்சு மேற்கோள்கள் நிறைந்த கடினமான நடை. அந்தப் படகில் உடன் போன கணிதப் பேராசிரியர் ஜான் பிளேஃபேர் 1802இல் அதே கருத்தைத் தெளிவாக எழுதிய பிறகே அது பரவலாகப் போய்ச் சேர்ந்தது. ஹட்டன் 1797லேயே இறந்துவிட்டார்.

என் முதல் மாநாட்டுப் பேச்சுக்கு 12 நிமிடம். 31 ஸ்லைடு கொண்டுபோனேன். பகுதியின் நிலவியல் பின்னணிக்கே எட்டு நிமிடம் போய்விட்டது. முடிவு கடைசி ஸ்லைடில் இருந்தது, அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். இப்போது முடிவைச் சொல்லும் வரைபடம்தான் இரண்டாவது ஸ்லைடு. அதில் வானவில் நிறங்கள் கிடையாது. தரவில் இல்லாத எல்லையை அவை இருப்பதுபோல் காட்டிவிடும்.

பொதுமக்களிடம் பேசுவது இதைவிடக் கடினம். "நூறாண்டு வெள்ளம்" என்றால் எந்த ஓர் ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்பு உள்ள வெள்ளம்; 30 ஆண்டில் ஒரு முறையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு. இதை நன்றாகத்தான் விளக்கினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "அப்போ போன வருஷம் வந்துட்டதால, இன்னும் 99 வருஷத்துக்குப் பயமில்லையே?"

இப்போது ஒரு டப்பாவும் 100 சீட்டுகளும் கொண்டுபோகிறேன். ஒன்றில் மட்டும் "வெள்ளம்" என்று எழுதியிருக்கும். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சீட்டு எடுத்து, காட்டிவிட்டு, மறுபடி உள்ளே போட்டுக் குலுக்குவேன். அந்த மறுபடி போடுவதை வாயால் சொன்னால் பாதிப் பேர் கவனிப்பதில்லை. கையால் செய்தால் கவனிக்கிறார்கள்.