போன இடம் தெரியாமல் இருக்க நான் பட்ட பாடு

புகுந்த வீடு பாலக்கோடு பக்கம், அம்மா வீடு காவேரிப்பட்டணம், இப்போது பையனோடு இருப்பது ஓசூரில் ஒரு லைன் வீடு. கணவர் வீட்டை விட்டு வெளியே வந்ததைவிட, எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போட்டேன், கலெக்டர் ஆபீஸில் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "அந்த வீட்டிலேயே இருக்கணுமா, வேற இடமாம்மா?" என்றார். வீடு மாமனார் பேரில் இருக்கே, எனக்கேது பாத்தியதை என்றேன். பத்திரம் யார் பேரில் இருந்தாலும் சேர்ந்து குடியிருந்த வீட்டில் இருக்க 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உரிமை தருகிறது, மாமனார் வீடும் அப்படி வரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்றார். உரிமை சரி, ராத்திரி கதவைச் சாத்தினால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதும் இருக்கிறதே! 19ஆம் பிரிவில் வேறு வீட்டுக்கு வாடகையும் கேட்கலாம் என்றார், அதையே கேட்டோம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, எனக்கும் அப்படித்தான் கிடைத்தார்.

எந்தக் கோர்ட் என்பதில்தான் ரொம்ப யோசித்தோம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் மனு போடலாம் (27ஆம் பிரிவு). அவர் ஊர்ப் பக்கம் போட்டால் வாய்தாவுக்கு வாய்தா அதே பஸ் ஸ்டாண்டில் அவர் ஆட்கள் முகத்தில் விழிக்கணும், ஓசூருக்குக் குடிவந்த பிறகு இங்கே போட்டால் நோட்டீஸோடு என் விலாசமும் அவர் கைக்குப் போய்விடும். அப்போது அம்மா வீட்டில்தான் இருந்தேன், அது அவருக்குத் தெரிந்த இடம், அதனால் அந்த ஊருக்கான கிருஷ்ணகிரி கோர்ட்டில் போட்டோம். ஓசூருக்கு வந்தது அப்புறம்தான்.

வீடு தேடும்போது எல்லா வாசலிலும் "வீட்டுக்காரர் எங்கம்மா?" தான். வெளியூர் வேலை என்று சொல்லிப் பார்த்தேன், கடைசியில் ஒரு அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன், அவர்தான் கொடுத்தார். பையன் டிசிக்காகப் பழைய பள்ளிக்குப் போகவே இல்லை. எட்டாம் வகுப்பு வரை டிசி வரத் தாமதம் என்று சேர்க்கையை நிறுத்தக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, அதைச் சொல்லித்தான் அரசுப் பள்ளியில் சேர்த்தேன்.

யாரும் சொல்லித் தராத ஒன்று போன் நம்பர். ரேஷன் கார்டில் இருப்பது அவர் நம்பர், நான் இங்கே அரிசி வாங்கினால் அங்கே எஸ்எம்எஸ் போகும். பேங்க், ஆதார், கேஸ் எல்லாவற்றிலும் முதலில் நம்பரை மாற்றுங்கள், விலாசம் மாற்றுவது அப்புறம். எனக்கு ரேஷன் கார்டு மட்டும் இன்னும் பிரியவில்லை, அதனால் அரிசி கடையில்தான் வாங்குகிறேன்.